முறை விடாத பங்காளி

என் வீட்டுக் கொல்லையில் நின்றால் வடக்கே சமவெளி தெரியும். காலையில் பனி விலகியதும் அங்கே வெள்ளையாக ஒன்று நேராக எழுந்து நிற்கும். பார்ப்பவர்கள் புகை என்பார்கள். அது நீராவி. சிப் தொழிற்சாலையின் குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து வருவது. இந்த மலை ஓடையின் தண்ணீர் குழாய் வழியாக இறங்கிப் போய், அங்கே ஆவியாகிப் போகிறது. இங்கே திரும்பி வருவதில்லை.

என் வேலிக்குக் கீழே பூண்டு போடுகிறவர் அதைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கத்துவார்.

"தொரை, ஒங்க பய வெள்ளனே முழிச்சிட்டான்!"

"அவன் தூங்கினால்தானே முழிக்க" என்பேன்.

சிரிப்பார். நானும் சிரிப்பேன். நான் சொன்னது வேடிக்கை அல்ல. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு மூன்று வருடம் இருந்தது. சொல்லவில்லை. இதை எழுதுவது அதற்காகத்தான்.

நான் வாழ்நாள் முழுக்க வெளிநாடுகளில் சிப் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவன். சிப்பை வடிவமைத்தவன் அல்ல. எத்தனை எந்திரம் வாங்க வேண்டும், எப்போது வாங்க வேண்டும், அவை எவ்வளவு நேரம் சும்மா நின்றால் கம்பெனி தாங்கும் என்று கணக்குப் போடுவது என் வேலை. மனைவி போன பிறகு கொடைக்கானலுக்கு வந்தேன். ஏரிப் பக்கம் சத்தம் அதிகம் என்று பள்ளங்கிக்குப் போகிற சரிவில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். காட்டெருமைகள் வேலியைச் சாய்த்துவிட்டுப் போகும். வேறு தொந்தரவு கிடையாது.

கீழ்த்தோட்டத்துக்காரரின் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். தோட்டக் கூலிகளின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, இங்கே வந்து கூலி வேலை செய்து, ஓடையின் வால்பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அதனால் அவருடைய மடைக்கு ஊரில் இன்னும் சிலோன் மடை என்றுதான் பெயர். மகன் இங்கேயே பிறந்தவர். ஆனாலும் மேல்சட்டை போட்ட யாரைக் கண்டாலும் 'தொரை' என்று கூப்பிடுகிற கேலி அவர் அப்பாவிடமிருந்து வந்தது. அதில் மரியாதை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

எங்கள் ஓடையில் தண்ணீர் முறை உண்டு. யார் எந்த நாள் பாய்ச்சுவது என்பதை மடைக்காரர் பார்த்துக்கொள்வார். மழை பொய்த்த வருடத்தில் எல்லாருக்கும் பங்கிட்டால் யாருக்கும் பயிர் தேறாது. அப்போது ஒருவர் தன் முறையை விட்டுவிட வேண்டும். யார் விடுவது என்பதில் சண்டையே கிடையாது. முறையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் விட வேண்டும். அந்தப் பருவம் அவர் பூண்டு காயும். பதிலுக்கு மற்ற வீட்டார் ஆளுக்குக் கொஞ்சம் விதைப்பூண்டு எடுத்து ஒரே சாக்கில் கட்டி, முறையில் அவருக்கு முன்னால் சேர்ந்த பங்காளியின் வீட்டு அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்கள். அடுத்த நடவுக்கு அந்தச் சாக்கு விட்டவருக்குச் சொந்தம். அது தர்மம் அல்ல, உரிமை. சாக்கை எடுத்துக்கொண்டு போனால், 'நான்தான் விட்டேன், நான்தான் கடைசி' என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

கீழ்த்தோட்டத்துக்காரர் வீட்டார்தான் எப்போதும் கடைசி. அவருக்குப் பிறகு இங்கே புதிதாக யாரும் முறையில் சேரவில்லை. நிலம் வாங்குகிறவர்கள் விடுதி கட்டுகிறார்கள், லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். காய்ந்த வருடமெல்லாம் அவருடைய பூண்டுதான் கருகும். அந்த வருடம் அவரும் அவர் மனைவியும் வில்பட்டிப் பக்கம் கேரட் கழுவக் கூலிக்குப் போவார்கள்.

"அப்பா விட்டாரு, நான் விட்டேன்" என்று ஒருநாள் சொன்னார். "எங்களுக்குப் பின்னால ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து சேந்துட்டா போதும் தொரை. அப்புறம் நானும் இந்த ஊர்க்காரன்."

அந்த ஒருவனாகத்தான் தொழிற்சாலை வந்தது.

சிப் கிடைக்காமல் கார்கள் கூடப் பாதியில் நின்றுகொண்டிருந்த நாட்கள் அவை. உலகமெல்லாம் தொழிற்சாலை கட்டக் கிளம்பியது. மலைக்கு வடக்கே சமவெளியிலும் ஒன்று வந்தது. கார்களுக்கும் மின்சார மீட்டர்களுக்கும் போகிற, கொஞ்சம் பழைய வகைச் சிப்புகள். உற்பத்திப் பிரிவின் தலைவியாக வந்த பெண், வெளிநாட்டில் எனக்குக் கீழே வேலை கற்றவள். தகவல் சொல்ல நேரில் வந்தாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. யார் யாருடைய நாட்டிலோ கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். என் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்க்கிற தூரத்தில் ஒன்று எழும்பப் போகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் தப்பில்லை. அதற்காகச் செய்ததுதான் தப்பு.

ஆற்றுத் தண்ணீர் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் கோடையில் போதாது. எங்கள் ஓடையின் தலைப்பில் தடுப்புக் கட்டி ஒரு குழாய் இறக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். குழாய் ஊர் நிலத்தைத் தாண்ட வேண்டும். அதற்கு ஊர் சம்மதம் வேண்டும். சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். படித்தவன், அந்தத் தொழில் தெரிந்தவன் என்று என்னை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மடைக்காரர் வயதானவர். சுற்றி வளைக்காமல் கேட்டார். "தண்ணி வேணும்னா முறையில சேரணும். சேந்தா எல்லாருக்கும் உள்ளதுதான் அவங்களுக்கும். சரிதானங்க?"

கம்பெனிக்காரர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். முறையில் சேர்வது என்றால் பதிவேட்டில் பெயர் எழுதுவது என்று நினைத்திருப்பார்கள்.

பின்வரிசையிலிருந்து கீழ்த்தோட்டத்துக்காரர் எழுந்தார். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"நான் அவங்கள கேக்கல. தொரைகிட்டதான் கேக்கேன். காஞ்ச வருசம் வந்தா அவங்கதான மொதல்ல விடணும்? விடுவாங்களா?"

"ஏலே, சிலோனு, ஒனக்கு அதுலயே குறி" என்று யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பதில் தெரியும். அதைவிட நன்றாக எனக்கு எதுவுமே தெரியாது. சிப் தொழிற்சாலையின் செலவில் பெரும்பகுதி, முதல் சிப் வெளியே வருவதற்கு முன்பே செய்து முடித்த செலவு. எந்திரம் வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு கரைந்துகொண்டே இருக்கும். ஓடினாலும் கரையும், நின்றாலும் கரையும். சில வருடங்களுக்குள் அது தன் விலையைச் சம்பாதித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டியவன் முழுகிப்போவான். ஆகவே அதற்கு இரவு பகல் கிடையாது, தீபாவளி பொங்கல் கிடையாது. உள்ளே போகிற ஒரு சிலிக்கான் தகடு சிப்பாக வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். நூற்றுக்கணக்கான படிகள். படிக்குப் படி கழுவ வேண்டும். கழுவுகிற தண்ணீர் நின்றால் வரிசையில் இருக்கிற அத்தனையும் குப்பை. ஒரு பருவம் முறை விடுவது என்பது அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு பருவம் மூச்சை அடக்குவது போல. என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் நான் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. அந்தப் பெண்ணுக்கும் சொல்லியிருக்கிறேன்.

கம்பெனிக்காரர்கள் வரிசையில் இருந்த அவள் என்னைப் பார்த்தாள். நான் கேட்டு நின்றவரைப் பார்த்தேன்.

"விடுவாங்க" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தலைமடையில் தேங்காய் உடைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் தட்டை வாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள்.

என்னை வீட்டில் கொண்டுவிடக் காரில் போகும்போது அவள், "சார், நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள்.

"மழை கொட்டுற மலை இது. அந்த நாள் வராது" என்றேன். வாழ்நாள் முழுக்க கெட்ட வருடங்களுக்குக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கியவன் பேசிய பேச்சு அது.

தொழிற்சாலை ஓட ஆரம்பித்த பிறகு இரண்டு மழைக்காலம் நன்றாகப் பெய்தது. ஊரில் அதற்குப் 'பங்காளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் சமவெளியில் விளக்குகள் ஏறும்போது, "பங்காளி வீட்ல விளக்கு வச்சாச்சு" என்பார்கள். கீழ்த்தோட்டத்துக்காரர் நடை மாறியது. கூட்டத்தில் முன்வரிசைக்கு வந்தார். என் வேலிமேல் ஒரு நாள் பூண்டுக் கொத்து ஒன்று தொங்கியது. நல்ல பருத்த பூண்டு. "எங்க சொந்த வெதை தொரை. கலப்பு இல்ல. ரெண்டு வருசமா எவன்கிட்டயும் வாங்காம நட்டது" என்றார். அதை நான் சமையலுக்கு எடுக்கவில்லை. ஏனென்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஓடைப் பாதையில் நடக்கப் போவேன். குழாய் மண்ணுக்குள் போகிற இடத்தில் காலை ஊன்றி நின்றால் பாதத்தில் ஓர் அதிர்வு தெரியும். மெல்லிய, நிற்காத அதிர்வு. வெளிநாட்டில் என் தொழிற்சாலைத் தரைகளில் அதே அதிர்வை உணர்ந்திருக்கிறேன். அப்போது அது எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. இங்கே, மரங்களுக்கு நடுவில், நான் அந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிப் போய்விடுவேன்.

போன ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையிலும் இல்லை. பனி மட்டும் வந்து வந்து போனது. மார்கழியில் ஓடை, பாறைகளுக்கு அடியில் ஓடுகிற சத்தமாக மட்டும் மிஞ்சியது. மடைக்காரர் ஊரைக் கூட்டிப் பேசினார். ஒரு பங்காளி முறை விட வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவன் கம்பெனி.

வீட்டுக்கு வீடு விதைப்பூண்டு வசூலித்தார்கள். சாக்கில் கட்டினார்கள். கம்பெனிக்கு முந்தின பங்காளி கீழ்த்தோட்டத்துக்காரர். ஆகவே அவர் வீட்டு அடுப்புக்கு மேலே சாக்கு ஏறியது. தான் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தச் சாக்கு தன் வீட்டில் இன்னொருத்தனுக்காகத் தொங்குகிறது என்று அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். அடுப்படியில் கண் எரிந்தது.

அவர் மனைவி சிரித்தார். "ஐயா, கம்பெனிக்காரங்க இத எங்க போயி நடுவாங்க? ஆபீசு மாடியிலயா?"

"எங்கயாச்சும் நட்டுட்டுப் போறான். ஒனக்கென்ன? நம்ம கடமை குடுக்கறது."

அவர்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. முறையில் சேர்ந்தவனுக்கு உரியதை எடுத்து வைத்தார்கள். அந்தச் சாக்கைக் கொடுத்துவிட்டால் வாங்குகிறவன் முறையை விடுவான் என்று நம்பினார்கள். நம்பச் சொன்ன நான் அடுப்படியில் அவர்களோடு நின்று இருமிக்கொண்டிருந்தேன்.

தலைமடைக்கு மேலே குழாயின் வால்வு அறை இருக்கிறது. குழாயை அடைக்கச் சொல்லிக் கேட்க அங்கே போனோம், மடைக்காரர், கீழ்த்தோட்டத்துக்காரர், நான். அந்தப் பெண் சமவெளியிலிருந்து ஜீப்பில் ஏறி வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைத் தனியாக வேலிப்பக்கம் கூட்டிப்போனாள்.

"ஃபேக்டரி பாதிகூட நிரம்பல சார்" என்றாள். "தட்டுப்பாடுன்னு எல்லாரும் ஒரே நேரத்துல கட்டினாங்க. எல்லாம் ஒரே நேரத்துல முடிஞ்சுது. இப்ப எல்லா இடத்துலயும் சிப் குவிஞ்சு கிடக்கு. ஆர்டர் இல்ல."

"அப்போ யாருக்குச் செய்யறீங்க?"

"பெட்டில போட்டு வைக்கிறோம். என்னைக்காவது விக்கும்னு. நிறுத்தினா அதைவிட நஷ்டம். நீங்க சொல்லிக் கொடுத்ததுதான சார்?"

"பாதி ஓட்டம்னா தண்ணி குறையணுமே" என்றேன். கேட்கும்போதே பதில் தெரியும். பாதி நிரம்பிய தொழிற்சாலை பாதித் தண்ணீரோடு நிற்காது. காற்றைச் சுத்தம் பண்ண வேண்டும், குளிர்விக்க வேண்டும், தூய நீர் குழாய்களில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும். தகடு ஒன்று வந்தாலும் ஆயிரம் வந்தாலும் அதெல்லாம் நடக்க வேண்டும்.

"கொஞ்சம்தான் குறையும். ஆறு வத்திப்போச்சு. இந்தக் குழாய்தான் இப்ப முழுசும்." அவள் தயங்கினாள். "ரெண்டாவது கட்டடம் வேற எழுப்பப் போறாங்க சார். இப்ப இருக்கிற அளவுல ஒரு சிப்போட அடக்கவிலை கட்டுப்படியாகல. பெரிசாக்கினாத்தான் பிழைக்கலாம்னு மேலே முடிவு பண்ணிட்டாங்க. விலை திரும்ப ஏறும்போது தயாரா இருக்கணுமாம்."

அவர்கள் இடத்தில் இருந்தால் அந்த முடிவை நானும் எடுத்திருப்பேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்" என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. விடுவோம்னு சொன்னது நானில்ல."

திரும்பி வந்தேன். கீழ்த்தோட்டத்துக்காரர் வால்வு அறைச் சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை முடியாதாம்" என்றேன்.

அவர் பீடியை அணைத்தார். "இந்தத் தடவையா, எந்தத் தடவையுமேவா?"

நான் வால்வு அறைப் பக்கம் திரும்பினேன்.

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா தொரை?"

"தெரியும்."

வால்வு அறைக்குள் குழாய் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. மடைக்காரர்தான் சொன்னார். கோபமில்லாமல், சோலி முடிகிற மாதிரி. "அவங்க விடலன்னா அதுக்கு முந்துன ஆளு விடணும். வேற வழி கெடையாது, ஏப்பா. கோவிச்சுக்கிடாத."

"கோவம் என்ன கோவம்" என்றார் அவர். "எங்களுக்குப் பழகுன சோலிதான."

அன்றைக்கே சிலோன் மடை அடைபட்டது. பூண்டு கிழங்கு திரளுகிற நேரம். தை முடிவதற்குள் தாள் நுனி மஞ்சளாகி, பிறகு மொத்தமும் சாம்பல் நிறமானது. அவர் தோண்டிக் காட்டினார். பல் பிரியாமல், கோலிக்குண்டு அளவில், ஒற்றையாக. இரண்டு வருடம் கலக்காமல் காத்த விதை அத்தோடு போயிற்று.

அந்தப் பெண்ணிடம் பேசி அவருக்கு வால்வு அறையில் காவல் வேலை கேட்டேன். உடனே சரி என்றாள். சந்தோஷமாக வேலிவரை ஓடிப்போய்ச் சொன்னேன். அதைச் சொன்னதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

"நான் வேலையா கேட்டேன்?" என்றார். அவ்வளவு சத்தமாக அவர் என்னிடம் பேசியதில்லை. "ஒங்க குழாய்க்கு நான் காவலா? எறங்கி வாங்க வேலிக்கு இந்தப்பக்கம். வந்து அந்தப் பாத்தியில நின்னு சொல்லுங்க."

நான் இறங்கிப் போகவில்லை. வயதாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊரைக் கூட்டிச் சொன்னேன். அதே சமுதாயக் கூடம். எனக்குத் தெரியும் என்றும், தெரிந்தே பொய் சொன்னேன் என்றும், இரண்டாவது கட்டடம் வந்தால் இன்னும் அதிகம் எடுப்பார்கள் என்றும், மழை பெய்தாலும் பொய்த்தாலும் அவர்கள் ஒரு நாளும் முறை விட மாட்டார்கள் என்றும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சம்மதத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். மனுப் போடலாம் என்றேன். போட்டிருக்கிறோம். பிறகு மடைக்காரர், "அப்பச் சரி, இனிமே கம்பெனிய விட்டுட்டு எண்ணுவோம்" என்றார். கீழ்த்தோட்டத்துக்காரரைப் பார்த்து, "ஏப்பா, நீதான விட்ட. சாக்க எறக்கி எடுத்துக்க. வெதை ஒன்னுதுதான்" என்றார்.

கருணையோடுதான் சொன்னார். ஆனால் கீழ்த்தோட்டத்துக்காரர் எழுந்து போனார்.

இப்போது பங்குனி கடைசி. சித்திரையில் நடவு. மற்ற பாத்திகளெல்லாம் கொத்தித் தயாராக இருக்கின்றன. அவருடையது வெடித்துக் கிடக்கிறது. நேற்று சாயங்காலம் வேலியைத் தாண்டி இறங்கிப் போனேன். இவ்வளவு நாள் கழித்து. அவர் வெளியே உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே போகச் சொல்லித் தலையசைத்தார்.

அடுப்புக்கு மேலே சாக்கு அப்படியே தொங்கியது. கரி படிந்து கறுத்திருந்தது. அதன் சணல் இடுக்குகளில் பச்சையாகச் சின்னச் சின்ன முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நாள் போனால் உள்ளே வற்றிச் சருகாகிவிடும்.

"அம்மா, இதை நட்டுடச் சொல்லுங்க" என்றேன். "வீணாப் போயிடும்."

அவர் மனைவி ஊதுகுழலை எடுத்தபடியே சொன்னார். "நானும் சொல்லிட்டேங்கய்யா. கேக்க மாட்டேங்காரு. அது எறங்குனா நாங்க மறுபடி கடேசி. தொங்குற வரைக்கும் எங்களுக்குப் பின்னால ஒரு ஆளு இருக்கானாம்."

"அவங்க வந்து எடுக்க மாட்டாங்கம்மா. ஒரு நாளும் மாட்டாங்க."

"தெரியும் தொரை" என்று வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. "கெடக்கட்டும்."

வெளியே வந்தேன். சமவெளியில் விளக்குகள் ஏறியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், இதுவரை இருட்டாக இருந்த இடத்தில், ஒரு கிரேனின் உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. காம்பைச் செருகி, மண்வெட்டியைத் தலைகீழாகத் தரையில் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தார். பூண்டு நடப்போகிறவரைப் போலத்தான் தட்டினார்.